ஸ்காட்லாந்து டூரும் 19 மாத்திரையும்

போன மாதம் ஸ்காட்லாந்து போய் வந்தேன். "போட்டோ மட்டும் போட்டுட்டு விட்டுட்டீங்களே டாக்டர், ஒண்ணும் எழுதலையா?" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஏன் என்று படித்தால் புரியும். இன்று ஞாயிறு, டூட்டி இல்லை. எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான இழை மக்களே, பொறுமையாப் படிங்க.

தங்கச்சி எடின்பரோவில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஐடி வேலை. தலைப்பிரசவம். நம்ம ஊர் வழக்கப்படி பிரசவம் பார்க்க அம்மா போயிருந்தார். அப்பா இல்லை. 64 வயதில் அம்மாவின் முதல் விமானப் பயணம், அதுவும் தனியாக, நடுவில் துபாயில் இறங்கி மாறி. "இவருக்கு ஆங்கிலம் தெரியாது, எடின்பரோ விமானத்தில் ஏற்றிவிடவும்" என்று அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டி அனுப்பினேன். சமாளித்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மூன்று மாதத்தில் திரும்புவதாகத்தான் ஏற்பாடு. அப்புறம் "பாப்பாவுக்குத் தலை நிக்கட்டும்மா" என்று தங்கச்சி கெஞ்ச, டிக்கெட்டைத் தள்ளிப்போட்டார்கள். கடைசியில் அழைத்து வர நானே போவது என்று முடிவானது. ஈட்டிய விடுப்பு, தடையின்மைச் சான்று என்று அரசு மருத்துவர்கள் வெளிநாடு போவதற்கு இருக்கும் சம்பிரதாயங்களை முடித்துக் கிளம்புவதற்குள் அக்டோபர் வந்துவிட்டது.

போய் இறங்கிய மூன்றாம் நாள் மாப்பிள்ளை சொன்னார்: "மச்சான், அத்தை நாலு மாசமா இந்த வீட்டையும் கீழ இருக்கற பார்க்கையும் தவிர எதையும் பாக்கல. ஒரு நாள் டூர் போட்டிருக்கேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." தலைக்கு 60 பவுண்டு சொச்சம். அம்மா மனசுக்குள் ரூபாயில் போட்டுப் பார்த்து, "ரெண்டு பேருக்குப் பதினாலாயிரமா? அந்தக் காசுக்கு பாப்பாவுக்கு ஒரு கம்மல் வாங்கலாமே" என்றார். டிக்கெட்டை ரத்து பண்ணினால் பணம் திரும்ப வராது என்று ஒரு பொய் சொல்லித்தான் கிளப்பினோம்.

காலை எட்டு மணிக்கு எடின்பரோவில் ஏறினால் இரவு எட்டு மணிக்கு அதே இடத்தில் இறக்கிவிடுவார்கள். பதினாறு பேர் உட்காரும் சின்ன பஸ். ஓட்டுநர்தான் வழிகாட்டியும். ஐம்பது வயது மனிதர், கில்ட் கட்டியிருந்தார். அம்மா பார்த்ததும் "என்னடா பாவாடை கட்டிருக்காரு" என்றார். நல்லவேளை, தமிழ். காது பக்கத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு, குறுகலான மலைப்பாதையில் ஓட்டிக்கொண்டே பன்னிரண்டு மணி நேரம் கதை சொல்வது என்பது சாதாரண வேலை இல்லை. நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன்.

முதலில் ஸ்டர்லிங். குன்றின் மேல் கோட்டை. 1297-ல் வில்லியம் வாலஸ் ஆங்கிலேயப் படையைத் தோற்கடித்தது இங்கே இருந்த பாலத்தில்தான். நம்ம ஆட்கள் மெல் கிப்சன் படம் பார்த்துத் தெரிந்துகொண்ட வாலஸ். ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

கேலண்டர் என்ற ஊருக்குப் பக்கத்தில் காப்பிக்கு நிறுத்தினார்கள். கண்ணை மறைக்கும் அளவுக்கு முடி தொங்கும் ஹைலேண்ட் மாடுகள் அங்கே உண்டு. அம்மாவுக்கு அதை விட்டு வர மனசில்லை. "பாவம், முடிய வெட்டி விட்டா என்ன?" என்றார். கழிப்பறை போய்விட்டு வந்து ஏறினோம். இது முதல் தடவை.

அங்கிருந்து மேலே ஏற ஏற ஊர்கள் குறைந்து, ஆள் நடமாட்டமே இல்லாத நாடு. ரன்னக் மூர் என்று ஒரு சதுப்பு நிலம் வருகிறது. சுமார் 130 சதுர கிலோமீட்டர். செடி கொடி மட்கி மட்கிக் கரியாவதற்கு முந்தின நிலையில் இருக்கும் பீட் மண்ணும், குட்டை குட்டையாகத் தேங்கிய கறுப்புத் தண்ணீரும்தான். 1894-ல் திறந்த ரயில் பாதையை இந்தச் சேற்றின் மேல் போட வழி தெரியாமல், சுள்ளியும் வேரும் மண்ணும் சாம்பலும் கொட்டி ஒரு மெத்தை மாதிரி மிதக்கவிட்டு அதன் மேல் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் ரயில் ஓடுகிறது.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "வால்பாறை மாதிரிதான் இருக்கு தம்பி. ஆனா மரமே இல்லையே?"

நியாயமான கேள்வி. வழிகாட்டியிடம் கேட்டேன். ஒரு காலத்தில் காடாக இருந்த இடங்கள் இவை. மரம் வெட்டியது ஒரு பக்கம், ஆடும் மானும் துளிரை மேய்ந்து தீர்த்தது இன்னொரு பக்கம். ஆடு என்றதும் அவர் குரல் மாறியது. 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து நூறு வருடத்துக்கு, இந்த மலைப்பகுதியின் நிலச்சுவான்தார்கள், குடியிருந்த விவசாயிகளை விட ஆடு வளர்த்தால் லாபம் அதிகம் என்று கண்டுபிடித்தார்கள். தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களைக் காலி பண்ணினார்கள். பல இடங்களில் வீட்டுக் கூரையைக் கொளுத்தி. கடற்கரைக்குத் துரத்தப்பட்டவர்கள் போக மீதிப் பேர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பல் ஏறினார்கள். "நீங்கள் பார்க்கிற இந்த அழகான வெறுமை இருக்கிறதே, இது இயற்கையாக வந்தது மட்டுமல்ல" என்றார். பஸ் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது.

அம்மா என் சட்டையை இழுத்தார். "தம்பி, ஒண்ணுக்கு வருது."

காப்பிக்கடையில் இறங்கி ஒன்றரை மணி நேரம் கூட ஆகவில்லை. "இப்பத்தானேம்மா போன? கொஞ்சம் பொறுத்துக்க." சிடுசிடுத்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் மற்றவர்கள் எல்லாம் அமெரிக்கா, ஜெர்மனி. பஸ்ஸில் கழிப்பறை கிடையாது.

கிளென்கோ வந்தது. மக்களே, இந்த இடத்தை எழுத்தில் சொல்வது கஷ்டம். பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் மூன்று பெரிய மலைமுகடுகள் வரிசையாக நிற்கின்றன, மூன்று சகோதரிகள் என்று பெயர். 40 கோடி வருடத்துக்கும் முன்னால் வெடித்து உள்ளே இடிந்து விழுந்த எரிமலையின் மிச்சம் இது. மழை, வெயில், மறுபடி மழை என்று கால் மணி நேரத்தில் மூன்று தடவை மாறியது. முகட்டிலிருந்து வெள்ளிக் கம்பி மாதிரி தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. ஜேம்ஸ் பாண்ட் ஸ்கைஃபால் படத்தில் வரும் மலைகள் இந்தப் பக்கம்தான்.

அங்கேதான் அந்தப் போட்டோ எடுத்தேன். சிவப்பு ஸ்வெட்டர், தலையில் மஃப்ளர், பின்னால் மூன்று மலை, அம்மா சிரிக்கிறார். "அம்மா செம ஸ்லிம் ஆயிட்டாங்களே" என்று கமெண்ட் போட்டிருந்தீர்கள். முப்பத்தெட்டு பேர் லைக் போட்ட கமெண்ட் அது. அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கை தூக்கியிருக்கிறார், கண்ணாடி வளையல் முழங்கை வரை இறங்கியிருக்கும். ஊரிலிருந்து கிளம்பும்போது அந்த வளையல் மணிக்கட்டில் இறுக்கிப் பிடித்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, குழந்தையைத் தூக்கித் தூக்கி இளைச்சுட்டாங்க என்று நினைத்துக்கொண்டேன்.

கிளென்கோ கதையை வழிகாட்டி அங்கே நின்று சொன்னார். 1692. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து இரண்டுக்கும் ராஜா வில்லியம். மலைநாட்டுக் குலத் தலைவர்கள் எல்லாம் ஜனவரி 1-க்குள் விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று கெடு. கிளென்கோ மெக்டொனால்டுகளின் தலைவர் டிசம்பர் 31 அன்று ஃபோர்ட் வில்லியத்துக்குப் போனார். அங்கிருந்த அதிகாரி, எனக்கு அதிகாரம் இல்லை, இன்வரேரி போங்கள் என்று அனுப்பிவிட்டார். பனியில் போய்ச் சேர்ந்து பிரமாணம் எடுத்தது ஜனவரி 6. (அலுவலகம் விட்டு அலுவலகம் அலையவிடும் பழக்கம் எவ்வளவு பழசு பாருங்கள்.) தாமதம் என்ற சாக்கு கிடைத்தது. கேம்ப்பெல் என்ற கேப்டன் தலைமையில் சுமார் 120 சிப்பாய்கள் பள்ளத்தாக்குக்கு விருந்தாளிகளாக வந்தார்கள். பன்னிரண்டு நாள் வீடு வீடாகத் தங்கி, சாப்பிட்டு, சீட்டாடி இருந்தார்கள். பிப்ரவரி 13 விடியும் முன் எழுந்து, சோறு போட்டவர்களைக் கொன்றார்கள். 38 பேர். பனியில் தப்பி ஓடி விறைத்துச் செத்தவர்கள் தனி. அன்றைய ஸ்காட்லாந்து சட்டத்தில் நம்பிக்கைக்குள் வந்து கொல்வது சாதாரணக் கொலையை விடக் கொடிய குற்றம். பக்கத்தில் ஒரு பழைய விடுதி இருக்கிறது, அதன் வாசலில் இன்றைக்கும் "தெருவில் கூவி விற்பவர்களுக்கும் கேம்ப்பெல்களுக்கும் அனுமதி இல்லை" என்று பலகை.

அம்மாவுக்குச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சாப்பாடு போட்ட வீட்டுலயா?" அப்புறம் "என்னால முடியல தம்பி, எங்கயாவது போகணும்" என்றார். முகத்தில் அப்படி ஒரு கூச்சம்.

அந்த இடத்தில் கழிப்பறை இல்லை. நான் தயங்கி நிற்பதைப் பார்த்த வழிகாட்டி, என்ன என்று கேட்டார். சொன்னேன். எல்லாரையும் அஞ்சு நிமிடம் முன்னாலேயே ஏற்றி, திட்டத்தில் இல்லாத ஒரு இடத்தில் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். மைக்கில் "எனக்கு ஒரு போன் பேச வேண்டியிருக்கிறது, யாருக்காவது கழிப்பறை வேண்டுமானால் போய் வரலாம்" என்று அறிவித்தார். போன் எதுவும் பேசவில்லை.

மதியச் சாப்பாடு ஃபோர்ட் வில்லியத்தில். பென் நெவிஸ் அடிவாரம், பிரிட்டனின் உயரமான மலை, 1345 மீட்டர். மேகம் மூடியிருந்ததால் மலை இருந்ததற்கான ஆதாரம் எதுவும் எங்களிடம் இல்லை. அம்மா விடியற்காலையில் எழுந்து புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏரிக்கரைப் பெஞ்சில் பொட்டலத்தைப் பிரித்தோம். அம்மா சாப்பிடுவதற்கு முன் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். காலையிலிருந்து அது மூன்றாவது பாட்டில். குளிர் 9 டிகிரி. ஊரில் சித்திரை வெயிலிலேயே "தண்ணி குடிம்மா" என்று நான் தொண்டை கிழியக் கத்த வேண்டும்.

இவ்வளவையும் வரிசையாக எழுதும்போது உங்களுக்கே தெரிகிறது இல்லையா? அடிக்கடி சிறுநீர், தாகம், எடை குறைவு. எம்பிபிஎஸ் இரண்டாம் வருட மாணவன் தூக்கத்தில் சொல்வான். எனக்குத் தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்து அம்மா மறுபடி கழிப்பறை தேடிப் போனபோது வழிகாட்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்சம் தயங்கி, "தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா? என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார்கள். நாங்கள் கவனிக்கவில்லை" என்றார்.

"ஆமா, மாத்திரை சாப்பிடுகிறார்" என்றேன். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அங்கிருந்து லாக் நெஸ் போகும் வழி முழுக்க அவர் சொன்ன கதை எதையும் நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை, தூங்கிவிட்டார். அந்த மத்தியானத் தூக்கமும் வழக்கமில்லாததுதான். ஆனால் ஒரு கதை மட்டும் காதில் விழுந்தது. வழிகாட்டியின் கொள்ளுப்பாட்டி மேற்குத் தீவு ஒன்றில் இருந்தவராம். அந்தக் காலத்தில் டாக்டர் வர வேண்டும் என்றால் படகில் வர வேண்டும், படகுக்கும் சேர்த்து நோயாளி காசு கொடுக்க வேண்டும். அதனால் யாரும் டாக்டரைக் கூப்பிடவே மாட்டார்கள், வலியைச் சொல்லவே மாட்டார்கள், சொன்னால் வீட்டில் ஆட்டை விற்க வேண்டி வரும். "என் பாட்டி கடைசி வரை எது கேட்டாலும் ஒன்றுமில்லை என்றே சொல்வார். அவர் அம்மாவிடம் கற்றுக்கொண்டது" என்றார்.

இதைப் பற்றி அன்றிரவு தூக்கம் வராமல் தேடிப் படித்தேன். நம்ம வேலைக்கு நேரடிச் சம்பந்தம் உள்ளது என்பதால் இங்கே சொல்லிவிடுகிறேன். 1911-ல் பிரிட்டனில் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. சம்பளம் வாங்கும் தொழிலாளிக்கு மருத்துவர் கிடைத்தார். இந்த மலைநாட்டில் இருந்தவர்களோ துண்டு நிலத்தில் குத்தகைக்குப் பயிர் வைத்தும் மீன் பிடித்தும் பிழைத்தவர்கள். சம்பளம் இல்லை, அதனால் சட்டத்துக்குள் வரவில்லை. சர் ஜான் டுவர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். ஆமாம், அந்த விஸ்கி குடும்பத்துக்காரர்தான். 1912-ல் அறிக்கை கொடுத்தார்கள். தூரம், வறுமை, டாக்டருக்கே நிலையான வருமானம் இல்லாமை, மருத்துவர் கண்ணில் படாமலே செத்துப்போகிறவர்கள் என்று எல்லாவற்றையும் எழுதினார்கள். 1913-ல் ஹைலேண்ட்ஸ் அண்ட் ஐலேண்ட்ஸ் மெடிக்கல் சர்வீஸ் தொடங்கியது. அரசாங்கம் வருடத்துக்கு 42,000 பவுண்டு கொடுத்தது. டாக்டருக்குக் குறைந்தபட்ச வருமானம் உறுதி. நோயாளி எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் ஒரே சின்னக் கட்டணம். தீவுகளில் நர்ஸ்கள். 1933-ல் இஸ்லே தீவிலிருந்து கிளாஸ்கோவுக்கு ஒரு நோயாளியை விமானத்திலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். உலகமே பாராட்டும் என்எச்எஸ் வந்தது 1948 ஜூலை 5-ல். அதற்கு 35 வருடம் முன்னாலேயே அரசுச் செலவில் மருத்துவம் என்பதை இந்த மலையில் நடத்திக் காட்டியிருக்கிறார்கள். நம்ம மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வேலை செய்த ஆள் என்ற முறையில் எனக்கு இது ஏதோ சொந்தக்காரர் கதை மாதிரி இருந்தது.

சரி, லாக் நெஸ். லாக் என்றால் அவர்கள் மொழியில் ஏரி. ஃபோர்ட் அகஸ்டஸ் என்ற சின்ன ஊரில் இரண்டு மணி நேரம் விட்டார்கள். தாமஸ் டெல்ஃபோர்ட் கட்டி 1822-ல் திறந்த கலிடோனியன் கால்வாய் இந்த ஊர் நடுவே படிக்கட்டு மாதிரி ஐந்து மதகுகளாக இறங்கி ஏரியில் சேர்கிறது. படகு ஒரு மதகுக்குள் வந்து நிற்கும், கதவை மூடித் தண்ணீரைக் குறைப்பார்கள், படகு ஒரு படி இறங்கும், அடுத்த கதவு. மதகோரப் பெஞ்சில் உட்கார்ந்து இதைப் பார்ப்பது டிவி சீரியலை விட நல்ல பொழுதுபோக்கு.

அந்தப் பெஞ்சில்தான் கேட்டேன்.

"ம்மா, மாத்திரை ஒழுங்காப் போடுறியா?"

"போடுறேன் தம்பி."

"எத்தனை வேளை?"

பதில் இல்லை. மதகில் ஒரு மஞ்சள் படகு இறங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசத்துக்குத்தான தம்பி கொண்டாந்தேன். மேல ரெண்டு அட்டை."

அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. டிக்கெட் தள்ளிப்போனதும் கையில் இருந்த மாத்திரையை எண்ணிப் பார்த்திருக்கிறார். போதாது. முதலில் ராத்திரி மாத்திரையை நிறுத்தினார். மூன்று வாரம் கழித்து அதுவும் போதாது என்று ஒருநாள் விட்டு ஒருநாள். இங்கே சீட்டு இல்லாமல் சர்க்கரை மாத்திரை தர மாட்டார்கள் என்று பார்க்கில் பழக்கமான ஒரு தெலுங்கு அம்மா சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் போனால் எவ்வளவு ஆகுமோ, மாப்பிள்ளை காசு.

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் வரும்போது எடுத்துட்டு வந்திருப்பேனே? முறுக்கு கொண்டா, வசம்பு கொண்டான்னு லிஸ்ட் போட்டியே?"

"நீ திட்டுவ."

மக்களே, எங்கள் ஓபியில் காலை ஒரு வேளையில் இருநூறு பேரைப் பார்க்கிறேன். அதில் சர்க்கரை நோயாளி யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தால் நான் எப்படிப் பேசுவேன் என்பது அந்த வரிசையில் நின்ற எல்லாருக்கும் தெரியும். என் அம்மாவுக்கும் தெரியும், ஒருமுறை எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து ஓபி வாசலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று. தங்கச்சிக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை இருந்தது. வீட்டில் குளுக்கோமீட்டர் இருக்கிறது. பிரசவத்துக்கு முந்தின மூன்று வாரமும் அம்மாதான் மகளுக்கு வேளாவேளைக்கு விரலில் குத்திப் பார்த்தார். தனக்கு ஒரு தடவை கூடக் குத்திப் பார்க்கவில்லை. "அந்தப் பட்டை விலை ஜாஸ்தியாம் தம்பி."

நான் அன்று திட்டவில்லை. நல்லவன் என்பதால் இல்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் போல இருந்தது. வாந்தி இருக்கா, வயித்து வலி இருக்கா, காய்ச்சல் இருக்கா, கண் மங்குதா என்று டாக்டராகச் சில கேள்விகள் கேட்டேன். எதுவும் இல்லை. மூச்சு சீராக இருந்தது, தெளிவாகப் பேசினார். சரி, இரவு வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் வரை தாங்கும் என்று முடிவு செய்தேன். "தண்ணிய மட்டும் நிறுத்தாத, எத்தனை தடவை வேணா போகலாம், நான் வண்டிய நிறுத்தச் சொல்றேன்" என்றேன். ஏனென்றால் பயணத்தில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் இந்த நிலையில் ஆபத்து. சர்க்கரை ஏறி, உடம்பில் நீர் வற்றி மயக்கம் வரை போகும்.

இதைப் படிப்பவர்களில் பிரசவம் பார்க்க அம்மாவை, மாமியாரை வெளிநாடு அனுப்புகிறவர்கள் இருப்பீர்கள். எத்தனை நாள் தங்குகிறாரோ அதற்கு மேல் இரண்டு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்புங்கள். மருந்தின் மூலப்பெயர் போட்ட சீட்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும். மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போடாதீர்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரை, பிரஷர் இருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வீடியோ காலில் பேசும்போது குழந்தையை மட்டும் பார்க்காமல் போனைப் பிடித்திருக்கிற ஆளையும் பாருங்கள். டிக்கெட்டைத் தள்ளிப்போட்டால் முதல் கேள்வியே "மாத்திரை இருக்கா?" என்று இருக்கட்டும். நான் அதைக் கேட்கவில்லை.

படகுக்கு டிக்கெட் எடுத்திருந்தோம். வேண்டாம், இங்கேயே உட்காருவோம் என்றேன். "காசு கட்டியாச்சுல்ல" என்று அம்மா எழுந்துவிட்டார்.

ஏரி கறுப்பு. பீட் மண் கரைந்து வரும் தண்ணீர், கையை விட்டால் சில அடியிலேயே பார்வை போய்விடும். 37 கிலோமீட்டர் நீளம், அகலம் ஒன்றரை கிலோமீட்டர்தான், ஆழம் 230 மீட்டர் வரை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் உள்ள ஏரித் தண்ணீர் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இந்த ஒரு ஏரியில் உள்ள அளவுக்கு வராது. குளிர்காலத்திலும் உறைவதில்லை.

நெஸ்ஸி பூதத்தைப் பற்றிப் படகில் சொன்னார்கள். அதில் நம்ம துறைக்காரர் ஒருவர் சம்பந்தப்பட்டிருக்கிறார், தெரியுமா? 1934-ல் டெய்லி மெயில் பத்திரிகையில் நீளக் கழுத்தோடு பூதம் தண்ணீரில் நிற்கும் ஒரு படம் வந்தது. உலகம் பூரா பார்த்த படம். அதைக் கொடுத்தவர் ராபர்ட் கென்னத் வில்சன், லண்டனில் மகளிர் நோய் மருத்துவர். "சர்ஜனின் புகைப்படம்" என்றே அதற்குப் பெயர். அறுபது வருடம் கழித்து, 1994-ல் குட்டு உடைந்தது. பொம்மை நீர்மூழ்கிக் கப்பலில் தலையை ஒட்டிவைத்து எடுத்த படம். மோசடி செய்தவர்கள் ஏன் ஒரு டாக்டரைப் பிடித்தார்கள் என்றால், டாக்டர் சொன்னால் ஊர் நம்பும். "டாக்டரே சொல்லிட்டார்" என்று இன்றைக்கு வாட்ஸப்பில் சுற்றுவதெல்லாம் இந்த வகையறாதான். 2018-ல் நியூசிலாந்து விஞ்ஞானிகள் ஏரித் தண்ணீரில் கரைந்திருந்த டிஎன்ஏவை எடுத்துப் பார்த்தார்கள். ஊர்வன எதுவும் இல்லை. விலாங்கு மீனின் டிஎன்ஏ ஏராளம்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப பூதம் இல்லையா?" என்றார் ஏமாற்றத்தோடு. "இல்லம்மா." "பாவம், இவங்க பொழப்பு ஓடணும்ல" என்று கடையில் பச்சைக் கலரில் ஒரு நெஸ்ஸி பொம்மை பேத்திக்கு வாங்கினார். 9 பவுண்டு. அதை ரூபாயில் போட்டுப் பார்க்கவில்லை.

திரும்பும் வழி இருட்டிவிட்டது. இரண்டு தடவை கூடுதலாக நிறுத்தச் சொன்னேன். இந்த முறை எனக்கு வெட்கமாக இல்லை. இறங்கும்போது வழிகாட்டியிடம் கை கொடுத்து, நான் டாக்டர் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. என் தோளைத் தட்டி, "நான் என் அம்மாவை வாரம் மூன்று நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

தங்கச்சியிடம் சொல்லாதே என்று அம்மா பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கியிருந்தார். ஆனால் மீட்டர் அவள் அலமாரியில் இருக்கிறது. எடுத்துக் கொடு என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இரவு 8.40-க்கு 342.

அவள் அழுதாள். அம்மா "பச்ச உடம்புக்காரி அழக்கூடாது" என்று அதட்டினார். நான் மாத்திரைப் பையை வாங்கி எண்ணினேன். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, 19 இருந்தது. ஊர் திரும்ப 8 நாள். ஒரு நாளைக்கு இரண்டு என்றால் 16. பட்டினி போட்டு மிச்சம் பிடித்த மாத்திரை, கடைசியில் முழு டோஸுக்குப் போதுமானதாக இருந்தது. "பாத்தியா, கணக்கு சரியாத்தான் வச்சிருந்தேன்" என்றார் அம்மா. அந்த நேரத்தில் சிரித்துவிட்டோம்.

மறுநாள் காலை தங்கச்சி அம்மாவின் விரலைப் பிடித்துக் குத்தினாள். "மெதுவாடி" என்றார். வெறும் வயிற்றில் 268. கிளம்பும் நாள் 184. ஊர் வந்து எடுத்த ஹெச்பிஏ1சி 10.2. கண், சிறுநீரகம், பாதம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. சிறுநீரில் கொஞ்சம் புரதம் போகிறது, அதற்கும் மாத்திரை தொடங்கியிருக்கிறேன்.

இப்போது தினமும் இரவு தங்கச்சி வீடியோ காலில் வருகிறாள். பாப்பாவைக் காட்டுவதற்கு முன் அம்மா மீட்டரை கேமராவில் காட்ட வேண்டும், அதுதான் ஒப்பந்தம். நேற்று 148. முந்தாநாள் எவ்வளவு என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார், பக்கத்து வீட்டு விசேஷத்தில் அதிரசம் கொடுத்திருக்கிறார்கள்.